பிளேடு மாற்றும் மடக்குக் கத்தி: நாள்பட்ட உழைப்பில் தெரியவருவது

புதிதாக வாங்கும்போது எந்த மடக்குக் கத்தியும் நன்றாகத்தான் இருக்கும். சட்டென்று திறக்கும், ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், புதுப் பிளேடு அட்டையில் தயங்காமல் ஓடும். தரம் தெரியவருவது பல மாதம் அன்றாட வேலை பார்த்த பிறகுதான். அப்போதும் கைப்பிடியோ பூட்டோ முதலில் கெடுவதில்லை. பிளேடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டர்தான் முதலில் தளர்கிறது. கூர் போனால் பிளேடை மாற்றிக்கொள்ளலாம். ஹோல்டர் போனால் கத்தியையே மாற்ற வேண்டும். அதனால் இந்த வகைக் கத்தியை ஹோல்டரைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இதில் போடும் பிளேடு சரிவக வடிவம் கொண்டது. வெட்டும் பக்கம் சுமார் 61 மி.மீ. நீளம், அகலம் 19 மி.மீ., தடிமன் 0.6 மி.மீ.க்குச் சற்று மேல். முதுகுப் பக்கத்தில் நடுவாக்கில் இரண்டு சிறு காடிகள், அதாவது வெட்டுப் பள்ளங்கள், இருக்கும். ஹோல்டரின் உள்ளே இருக்கும் பல் அந்தக் காடியில் போய் உட்கார்ந்தால்தான் பிளேடு முன்னும் பின்னும் நகராமல் நிற்கும். மூன்று காடி உள்ள பிளேடுகளும் விற்கின்றன. பல் இருக்கும் இடத்தைப் பொறுத்து சில ஹோல்டர்களில் அவை சரியாக உட்காராது. பொருந்தியதுபோல் தெரியும், ஆனால் இழுத்தால் வந்துவிடும். பெட்டி கணக்கில் பிளேடு வாங்குவதற்கு முன் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஹோல்டர்களில் பெரும்பாலும் மூன்று வகை புழக்கத்தில் உள்ளன.

முதல் வகை, பட்டனை அழுத்தினால் பல் விலகி பிளேடு வெளியே வருவது. மாற்றுவதற்குச் சில நொடிகள் போதும். அதனாலேயே இதுதான் அதிகம் விற்கிறது. இதில் மூன்று பலவீனங்கள் உண்டு. பட்டனுக்கு அடியில் உள்ள சிறு ஸ்பிரிங்கில் பார்சல் டேப்பின் பசையும் அட்டைத் தூசியும் சேர்ந்து, பட்டன் பாதி வழியில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியிருப்பதாகவே தோன்றும், ஆனால் பல் காடிக்குள் முழுதாக இறங்கியிருக்காது. இரண்டாவது, பல் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருந்தால் அதன் முனை உருண்டு போகும். எஃகுப் பிளேடு அதைவிடப் பலமடங்கு கடினமானது, ஒவ்வொரு இழுப்பிலும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். மூன்றாவது, பட்டன் இருக்கும் இடம். அழுத்தி வெட்டும்போது கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ இயல்பாகப் போய் அமரும் இடத்தில் பட்டன் இருந்தால், என்றைக்காவது வெட்டின் நடுவே பிளேடு கழன்று வரும். கத்தியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பட்டன் உடலின் மட்டத்துக்குக் கீழே பதிந்திருக்கிறதா, மடக்கிய நிலையில் கைப்பிடி அதை மூடிவிடுகிறதா.

இரண்டாம் வகை ஸ்க்ரூ வைத்து இறுக்குவது. பிடிப்பு அபாரம், ஆட்டமே இருக்காது. ஆனால் மாற்றுவது மெதுவாக நடக்கும். தூசி நிறைந்த இடத்தில் ஸ்க்ரூ கீழே விழுந்தால் தேடுவதே வேலையாகிவிடும். ஸ்க்ரூ முழுக்கக் கழன்று வராமல் உள்ளேயே நிற்கும்படி செய்திருந்தால் இந்தக் குறை பாதியாகிவிடும். அப்படிச் செய்தவை குறைவு.

மூன்றாவது, பக்கவாட்டில் ஒரு சிறு கதவு திறந்து, பிளேடை வைத்து, மேலே மூடி நெம்புகோலால் பூட்டுவது. நீண்ட உழைப்பில் நம்பிக்கையைக் காப்பாற்றுவது இந்த வகைதான். காரணம் எளிது. பல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது, அசைவது மூடி மட்டுமே. வெட்டும் விசை முழுவதையும் அசையாத பல் வாங்கிக்கொள்வதால் ஸ்பிரிங்கின் மேல் சுமை விழுவதில்லை. உள்ளே பசை சேர்ந்தாலும் கதவைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம்.

காந்தம் வைத்த ஹோல்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றும்போது பிளேடு கீழே விழாமல் நிற்பதற்கு அது உதவும், அவ்வளவுதான். உலோகம் அறுக்கும், துளையிடும் இடத்தில் அதே காந்தம் இரும்புப் பொடியை இழுத்துச் சேர்த்துக்கொண்டு பிளேடைச் சமமாக உட்காரவிடாது.

ஹோல்டரின் பிடிப்பைச் சோதிப்பதற்கு வழி உண்டு. பிளேடைப் போட்டுப் பூட்டியபின், அதன் தட்டையான பக்கங்களைப் பிளையரால் பிடித்து நேராக வெளியே இழுக்க வேண்டும். விரலால் செய்யக்கூடாது. ஏன் இழுப்பு முக்கியம் என்றால், வெட்டும்போது விசை பிளேடை உள்ளே தள்ளுகிறது. தடித்த ரப்பரிலோ இரட்டை அட்டையிலோ சிக்கிய கத்தியை வெளியே எடுக்கும்போதுதான் விசை எதிர்த்திசையில் வருகிறது. பிளேடு பொருளிலேயே தங்கிவிடுவதும், திடீரெனக் கழன்று பறப்பதும் அந்தக் கணத்தில்தான். வெட்டும்போது பிடித்திருந்தது என்பதை வைத்து ஹோல்டரை நம்பிவிட முடியாது.

அடுத்தது ஆட்டம். பிளேடு முனை ஆடுகிறது என்று பலரும் பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் ஆட்டம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். மடங்கும் அச்சில் இருக்கலாம், ஹோல்டருக்குள் இருக்கலாம். பிரித்தறிய பிளேடைக் கழற்றிவிட்டு, திறந்து பூட்டிய நிலையில் ஹோல்டரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அச்சு தளர்ந்திருக்கிறது. அசையவில்லை, பிளேடு போட்ட பிறகுதான் முனை ஆடுகிறது என்றால் பழி ஹோல்டருடையது. பிளேடின் ஏறத்தாழப் பாதி ஹோல்டருக்குள்ளும் மீதி வெளியேயும் இருப்பதால், உள்ளே உள்ள சிறு இடைவெளியும் முனையில் பெருகித் தெரியும். அட்டைப்பெட்டி வெட்ட அது பொருட்டில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு பிடித்து வெட்டும்போதுதான் கோடு விலகும்.

அச்சு தளர்ந்திருந்தால் அங்குள்ள ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கித் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பல கத்திகளில் அது டார்க்ஸ் எனும் ஆறுமுனை நட்சத்திரப் பள்ளத் தலை கொண்டதாக இருக்கும். பொருந்தாத பிட்டைப் போட்டால் தலை சிதைந்துவிடும். மீண்டும் மீண்டும் தளர்ந்தால் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடித்துவைக்கும் பசையான திரெட்லாக்கரில் நீல நிறத்தை ஒரு சிறு துளி வைத்தால் போதும். சிவப்பு நிறம் வேண்டாம், பிறகு சூடுபடுத்தாமல் கழலாது. ஹோல்டரில் இடைவெளி என்றால் மூடியின் உட்புறத்தில் மெல்லிய அலுமினிய டேப் துண்டு ஒன்றை ஒட்டினால் ஆட்டம் பெருமளவு நின்றுவிடும். அந்த டேப் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். பல் தேய்ந்த ஹோல்டருக்கு மட்டும் இந்த வைத்தியம் கிடையாது. அது பிடிப்பு போன கத்தி, பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பூட்டு விஷயத்தில் லைனர் லாக்கும் பேக் லாக்கும்தான் அதிகம். லைனர் லாக்கில் கைப்பிடிக்குள் இருக்கும் தகடு ஒன்று வளைந்து வந்து ஹோல்டரின் பின்முனையைத் தாங்குகிறது. திறந்த நிலையில் அந்தத் தகடு பின்முனையின் தடிமனில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஏறியிருந்தால் நல்லது. உழைக்க உழைக்க அது எதிர்ப்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டே போகும். எதிர்ப்பக்கக் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் போக இடமில்லை, அதன்பின் பூட்டு நழுவத் தொடங்கும். இன்னொரு குறை, இதை மூட விரலை மடங்கும் பாதையிலேயே வைத்தாக வேண்டும். முதுகில் உள்ள நெம்புகோலை அழுத்தி மூடும் பேக் லாக்கில் அந்தத் தொல்லை இல்லை, கையுறை போட்டுக்கொண்டும் மூடலாம். ஆனால் அந்த நெம்புகோலின் பள்ளத்தில் தூசி அடைத்தால் முழுதாக இறங்காது. ஜிப்சம் போர்டு வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

கைப்பிடி, கிளிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழமழப்பான அலுமினியம் வியர்வையில் வழுக்கும், வரிகள் ஆழமாக வெட்டியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடி இழை கலந்த நைலான் எடை குறைவு, பிடிமானமும் நல்லது. கிளிப்பில் கவனிக்க வேண்டியது மடக்கிய கத்தி பைக்குள் தானாகத் திறக்காமல் இருக்கிறதா என்பது. முனை கீழே பார்த்தபடி பிடித்து வேகமாக உதறிப் பாருங்கள், ஹோல்டர் வெளியே வந்தால் அந்தக் கத்தியைப் பையில் போடக்கூடாது. கைப்பிடிக்குள் உபரிப் பிளேடு வைக்கும் வசதி பயனுள்ளதுதான், ஆனால் பிளேடுகள் ஒன்றோடொன்று உரசினால் பயன்படுத்தும் முன்பே கூர் போகும். அவற்றை எண்ணெய்த் தாளோடு சேர்த்தே வையுங்கள்.

பிளேடில் சாதாரண கார்பன் எஃகு வகையே பெரும்பாலான வேலைக்குப் போதும். வெளியே நீட்டி நிற்பது சுமார் 25 முதல் 30 மி.மீ. வெட்டுவாய். அது மேலிருந்து கீழ் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு வளைப்பைத் தாங்காது. பெயின்ட் டப்பா மூடியை நெம்பினால் முனை ‘படக்’கென்று ஒடிந்து தெறிக்கும். பைமெட்டல் பிளேடில் வெட்டுவாய் ஹைஸ்பீட் எஃகு, முதுகு வளையக்கூடிய ஸ்பிரிங் எஃகு, இரண்டும் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. விலை கூடும், ஆனால் எளிதில் ஒடியாது. தரைவிரிப்பு, கூரை ஷீட் போன்றவற்றுக்கு வளைந்த கொக்கிப் பிளேடு உண்டு. கீழே உள்ள தளத்தில் கீறல் விழாமல் மேலே உள்ளதை மட்டும் அறுக்கும். சில கைப்பிடிகளில் கொக்கிப் பிளேடு போட்டால் கத்தி முழுதாக மடங்காது, அதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் உள்ள சரக்கில் கீறல் படக்கூடாது என்றால் முனை உருண்ட பிளேடு.

தடித்த ஃபோம், காப்புப் பலகை போன்றவற்றுக்கு இந்தக் கத்தி எட்டாது. அங்கே 1956இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா உருவாக்கிய, நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் நீள் பிளேடு கட்டர்தான் சரி. 18 மி.மீ. அல்லது 25 மி.மீ. அகலப் பிளேடை நீளமாக நீட்டிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, அந்தப் பிளேடில் ஒடிவதற்கென்றே கோடுகள் போட்டிருப்பதால் முரட்டு அழுத்தத்துக்கு மடக்குக் கத்தியே மேல்.

பெரும்பாலானோர் தூக்கிப்போடும் பிளேடுகளில் மழுங்கியிருப்பது முனையில் இரண்டு மூன்று மி.மீ. மட்டுமே. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்தால் முனைதான் எல்லா வேலையும் செய்கிறது. அட்டை, ஸ்ட்ராப்பிங் பட்டை, ரப்பர் ஷீட் வெட்டும்போது கைப்பிடியைத் தாழ்த்திப் பிடித்து வெட்டுவாயின் நடுப்பகுதியை ஓடவிடுங்கள். முனையை ஜிப்சம் போர்டின் மேல்தாளைக் கீறவும் கோடு பிடிக்கவும் சேமித்து வையுங்கள். ஜிப்சம் போர்டை முழுத் தடிமனும் அறுக்க முயல்வது பிளேடை வீணாக்கும். மேல்தாளைக் கீறி, பலகையை மடித்து ஒடித்து, பின்தாளை வெட்டினால் போதும். எந்தப் பொருளானாலும் ஒரே அழுத்தில் அறுப்பதைவிட இரண்டு மூன்று இலேசான ஓட்டம் நேரான கோட்டைத் தரும். ஸ்கேல் உலோகத்தில் இருக்கட்டும், அதைப் பிடிக்கும் கை வெட்டும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

பிளேடு மாற்றும்போது கத்தியை முழுதாகத் திறந்து பூட்டு விழுந்ததை உறுதி செய்துகொண்டு, முனையை உடலுக்கு எதிர்ப்புறம் திருப்பி, முதுகுப் பக்கத்தைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். மறுமுனை புதிதாகவே இருக்கும், திருப்பிப் போடலாம். போடும் முன் அந்த மறுமுனையைப் பாருங்கள். ஹோல்டருக்குள் ஈரமும் பசையும் இருந்தால் பயன்படுத்தாத முனையிலேயே துரு பிடித்திருக்கும். புதுப் பிளேடின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் முதுகிலிருந்து வெட்டுவாய் நோக்கித் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுவர்த்தாளில் முதல் வெட்டிலேயே கறை விழும்.

சுத்தம் செய்ய முதலில் பிளேடைக் கழற்ற வேண்டும். டேப் பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஹோல்டரின் பல், பட்டனின் ஓரம், பூட்டின் பள்ளம் இந்த மூன்று இடங்களையும் தேய்த்து, காயவிட்டு, அச்சில் உலர் வகை மசகு கொஞ்சம். திரவ எண்ணெய் ஊற்றினால் ஜிப்சம் தூளும் அட்டைத் தூசியும் அதில் ஒட்டிக் குழம்பாகி, சுத்தம் செய்ததற்கு முந்தைய நிலையைவிட மோசமாக்கும். அட்டைப்பெட்டி வேலைக்கு வாரம் ஒருமுறை, ஜிப்சம் வேலைக்கு அன்றன்றே செய்தால் ஹோல்டர் நெடுநாள் வரும்.

கழற்றிய பிளேடைக் குப்பையில் நேரடியாகப் போட்டால் அதை அள்ளுபவர் கை கிழியும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மேல் பிளேடு நுழையுமளவு பிளவு வெட்டி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பழையதை அதில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் பிளவையும் டேப்பால் அடைத்து, டப்பாவின் மேல் ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லிக் கொடுக்கலாம்.