மாடித்தோட்டக் கீரைக்கு என்ன உரம்? சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

கோவையில் மொட்டை மாடியில் அரைக்கீரை, சிறுகீரை, பாலக், வெந்தயக்கீரை எல்லாம் சில வருடங்களாகப் போட்டு வருகிறேன். ஊற்றுவது உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீர். இத்தனை நாளில் உறுதியாகப் புரிந்தது, இலையைப் பெருக்கும் உரம் வேறு, இலைக்குள் தாதுச்சத்து சேர வழிசெய்வது வேறு.

வளர்ச்சிக்கு என் முதல் ஓட்டு கடலைப் புண்ணாக்குக் கரைசலுக்குத்தான். அதில் 7 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. ஊறவைத்து நன்றாக நீர்த்து ஊற்றினால், அறுத்த அரைக்கீரை மளமளவென்று துளிர்க்கும். வாடைதான் தொல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் வேகம் இன்னும் அதிகம். ஆனால் இலை தளதளவென்று மென்மையாகி, அசுவினிப் பூச்சியும் சீக்கிரம் வந்துவிடுகிறது. பறித்த கொஞ்ச நேரத்தில் கீரை துவண்டும் போகிறது.

தழைச்சத்து மிஞ்சினால் கீரைகள் அதை நைட்ரேட்டாக இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கும். அதைப் புரதமாக்க வெயில் வேண்டும். அதனால் மேகமூட்டமான நாட்களில் கரைசல் ஊற்றுவதை நிறுத்திவிடுவேன், அறுவடையையும் மாலையில் வைத்துக்கொள்வேன். இன்னொரு விஷயம், இலை வேகமாகப் பெருத்தால் வேர் உறிஞ்சிய தாதுக்கள் அதிக எடையில் பரவிவிடும். 1981-லேயே ஜாரெல், பெவர்லி என்ற ஆய்வாளர்கள் இந்த நீர்த்துப்போதலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கட்டு பெரிதாக இருப்பதை வைத்துச் சத்தை எடைபோட முடியாது.

எனக்குப் பெரிய தலைவலி இரும்புச்சத்துதான். பழைய இலை பச்சையாக இருக்க, புதுத் துளிர் மட்டும் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வந்தால் அது இரும்புக் குறை. முதலில் அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இரண்டுக்கும் புண்ணாக்கையே ஊற்றுவதில் பயனில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காரத்தன்மையை ஏற்ற, இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது, வேருக்குக் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் அதே பைகளில் துளிர் பச்சையாக வரும்.

இதற்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) நல்ல பலன் தந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. சில நாளில் துளிர் நிறம் திரும்பிவிடும். செடிக்குள் இரும்பு எளிதில் இடம் மாறாது என்பதால் அடுத்த துளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டும். அறுவடை நெருங்கினால் தெளிக்க மாட்டேன். சுவரிலும் துணியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகவே போகாது.

மண்புழு உரம் அடியுரமாக எப்போதும் உண்டு. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அது இல்லாத பையில் மற்ற எதுவும் நிலைப்பதில்லை. பஞ்சகவ்யா 3 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் செடி தெளிவாக இருக்கிறது, உரத்துக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம். தென்னை நார்க்கழிவு வாங்கினால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். அதில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் செடிக்குக் கால்சியமும் மக்னீசியமும் போவதைத் தடுக்கும்.

அப்புறம், யாராவது கீரையை ஆய்வகத்தில் கொடுத்து இரும்பு அளவு பார்ப்பதாக இருந்தால், பல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். இலையில் ஒட்டியிருக்கும் மண்ணிலேயே இரும்பு ஏராளம், அதுவும் கணக்கில் ஏறிவிடும்.