உயரம் கேட்டான், நம்பினேன்: பூங்கா டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று காலை 10.40 மணிக்கு ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில், இரண்டு பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் வைத்துக்கொண்டு, செல்லாத ஆறு டிக்கெட்டுகளோடு நானும் என் கணவரும் நின்றோம். போன பணம் 11,400. இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் சூட்டோடு எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எந்த இணையதளம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். சலுகை விலையில் பூங்கா டிக்கெட் விற்கும் இடைத்தரகர் தளம், அவ்வளவு தெரிந்தால் போதும். பூங்காவின் பெயரைப் போட்டுத் தேடியதும் முதலில் வந்து நின்றது அதுதான். மேலே சின்ன எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்தது. பார்த்தேன். பார்த்தும் கடந்து போனேன். முகவரியில் பூங்காவின் பெயர், ஒரு சிறு கோடு, அதன் பின்னால் ‘டிக்கெட்ஸ்’. பக்கத்தில் பூட்டுப் படமும் இருந்தது. பூட்டு இருந்தால் பத்திரம் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு என்று நேற்று இரவு என் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு தொங்கத்தானே செய்யும்.

ஆனால் தளத்தின் பளபளப்பைப் பார்த்து நான் ஏமாறவில்லை. கேள்வி ஒன்று என்னை ஏமாற்றியது.

சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம் என்று அதிலிருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவன் அவசரப்படவில்லை. எத்தனை பேர் என்று கேட்டான். நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஏழு வயதும் நான்கு வயதும் என்றேன்.

“வயது வேண்டாம், மேடம். உயரம் சொல்லுங்கள். சவாரியில் இருக்கும் பாதுகாப்புக் கம்பி உடம்பின் அளவுக்குச் செய்தது. வயதைக் கேட்டு அது இறுகாது.”

இப்படிப் பேசுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு மகளைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தினேன். குதிகாலை மெல்லத் தூக்கினாள். தோளை அழுத்தி இறக்கி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு, தையல் நாடாவால் அளந்தேன். 117 சென்டிமீட்டர். சின்னவன் 98. இதெல்லாம் முடிய நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் இணைப்பில் காத்துக்கொண்டே இருந்தான்.

“120 தொடவில்லை அல்லவா? அப்படியானால் பாப்பாவுக்குப் பெரியவர் டிக்கெட் எடுக்காதீர்கள், வீண் செலவு. பெரிய ரோலர் கோஸ்டரில் அவளை ஏற்ற மாட்டார்கள். இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே வந்து அழுவாள்.”

விற்க வந்தவனே விலை அதிகமானதை வாங்காதே என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதோடு விடவில்லை. நீர் விளையாட்டுப் பகுதியில் பருத்தித் துணிக்கு அனுமதியில்லை, நூல் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும், நைலான் உடை எடுத்து வாருங்கள் என்றான். காலையில் கூட்டம் நெரியும், 10.30-க்கு மேல் போனால் பெரியவர்களுக்குச் சிரமம் இருக்காது என்றான். அவன் சொன்னதில் உயரக் கணக்கும் உடைக் கணக்கும் அப்பழுக்கில்லாத உண்மை. ஏனென்றால் அத்தனையும் பூங்காவின் சொந்தத் தளத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு ஒப்பித்திருக்கிறான்.

என் கணவர் அப்போதே, “பூங்காவின் தளத்திலேயே எடுத்துவிடலாமே” என்றார். “இவர் எவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறார், பாருங்கள்” என்று நான்தான் வாயடைத்தேன். அந்த வாக்கியத்தை அவர் நேற்றிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வங்கி அட்டையில் பணம் கட்டப் போனபோது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. “வங்கித் தொடர்பு மெதுவாக இருக்கிறது, மேடம், கணக்குக்கு நேராக அனுப்பிவிடுங்கள்” என்றான். கணக்கில் வந்த பெயர் ஒரு தனி ஆளுடையது. கேட்டேன். எங்கள் கணக்காளர் என்றான். அனுப்பினேன். 11,400. இரண்டே நிமிடத்தில் ஆறு டிக்கெட்டுகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கியூஆர் கோடு, பிள்ளைகளின் பெயர்கூட எழுத்துப் பிழையில்லாமல்.

இனி வாசலுக்கு வருகிறேன். டிக்கெட்டைப் படிக்கும் கருவியைக் காவலர் நீட்டினார். சிவப்பு விளக்கு. இரண்டாவது டிக்கெட், சிவப்பு. ஆறும் சிவப்பு. சின்னவனுக்கு அந்தக் கருவி, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார்களே, அது மாதிரித் தெரிந்திருக்கிறது. “அம்மா, நம் டிக்கெட்டுக்குக் காய்ச்சலா?” என்றான். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது இன்னும் விஷயம் புரியவில்லை.

காவலர் கருவியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “இந்த ஆறு டிக்கெட்டும் 9.52-க்கே உள்ளே போய்விட்டன, அம்மா.”

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதே முன்பதிவு எண். அவருக்கும் ஆறு பேர், கைக்குழந்தையோடு. சில விநாடிகள் இருவரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அங்கிருந்தே அவனை அழைத்தேன். எடுத்தான், அதுதான் ஆச்சரியம். திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள் என்றான். கூட்டினேன். அச்செடுத்த தாள் மடிந்திருக்கும், அதனால் படிக்கவில்லை என்றான். படிக்கத்தான் செய்தது. படித்ததால்தான் சிவப்பு எரிந்தது! 1994-இல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது இந்தக் கியூஆர் கோடு. பிழைதிருத்தத்தை உச்ச அளவில் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்து போனாலும் படித்துவிடும். ஒரு மடிப்புக்கா மயங்கும்? இதை அப்போது அவன் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லத் தெரியவில்லை. இரவு தம்பி சொன்ன பிறகு, யாருமில்லாத சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் ஓர் எண். வாசலில் அந்த எண் ஒருமுறைதான் செல்லும். அவர்கள் உண்மையான டிக்கெட் ஒரு தொகுதி வாங்குகிறார்கள், அதையே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். முந்தி வருகிற குடும்பம் சந்தோஷமாக உள்ளே போய்விடும். தளத்தில் நான் படித்து மயங்கிய பாராட்டுகள் எல்லாம் பொய் இல்லை, அப்படி உள்ளே போனவர்கள் மனதார எழுதியவையும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுதான் இன்னும் எரிச்சல். 10.30-க்கு மேல் போகச் சொன்னது எந்தப் பெரியவர்களின் சிரமத்தைப் பார்த்து என்பதும் இப்போது விளங்குகிறது.

பூங்கா அலுவலகத்தில் ஓர் அரைமணி. “வெளியே வாங்கிய டிக்கெட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை.” சரி, காசு கொடுத்து இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்றால், அன்றைய டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. “இன்றைக்கு நீங்கள் ஐந்தாவது குடும்பம்” என்று அந்த ஊழியர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். ஐந்தாவது! தெரிந்திருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில் மறந்து வைத்த பொருளுக்குப் பொறுப்பில்லை என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, எங்கள் டிக்கெட்டை இன்ன இடத்தில் மட்டும் வாங்குங்கள் என்று ஒரு பலகை வைக்கத் தெரியவில்லை. திருடியவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இவர்கள் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை.

“போனது போகட்டும் அம்மா, பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள்” என்றார் அத்தை. சின்னவன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சுழலும் ராட்டினத்தோடு தலையையும் சுழற்றிக்கொண்டிருந்தான். பெரியவள்தான் என்னைக் கொன்றாள். பெரிய ரோலர் கோஸ்டர் தனக்குக் கிடையாது என்பதை ஒரு வாரமாக மனதுக்குச் சொல்லிப் பழக்கி வைத்திருந்தாள். “இப்போது சின்னதும் கிடையாதா?” என்று கேட்டாள். காருக்குள் அவளுடைய நைலான் உடையைக் கழற்றும்போது தோளில் அதன் வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. காலை ஆறு மணிக்கே உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தாலே தலை வலிக்கிறது. மதியம்: “சர்வர் கோளாறு, அரை மணியில் சரியாகும்.” மூன்று மணிக்கு: “நான் விற்பனைப் பிரிவு, புகார் பிரிவில் பேசுங்கள்” என்று வேறோர் எண். அந்த எண்ணில் பேசியது அதே குரல், கொஞ்சம் தடிப்பாக. மாலையில்: “ஏழு வேலை நாட்களில் பணம் வந்துவிடும்.” இரவு எட்டு மணிக்கு அவர்களே ஒரு கியூஆர் கோடு அனுப்பி, இதைப் படமெடுத்து ரகசிய எண்ணை அழுத்தினால் 11,400 உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார்கள். விரல் அழுத்தப் போய்விட்டது. மாமா பார்த்துவிட்டு, “பணம் வாங்குவதற்கு எதற்கம்மா ரகசிய எண்?” என்று கேட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, இணையத்தில் இதுவரை எதுவும் வாங்கியதில்லை. 22,800 ஆகியிருக்க வேண்டியது 11,400-ஓடு நின்றது அவரால்தான்.

வங்கியில் சொன்ன பதில் இது. அட்டையில் கட்டியிருந்தால் பொருள் கிடைக்கவில்லை என்று தகராறு பதிவு செய்து திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். நானே என் கையால் கணக்குக்கு அனுப்பியதால், எதிர் வங்கிக்கு வேண்டுகோள்தான் அனுப்ப முடியும். அந்தக் கணக்கில் பணத்தை இன்னும் விட்டு வைத்திருந்தால் பார்க்கலாம். அட்டைப் பக்கம் ஏன் சுற்றிக்கொண்டே இருந்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. காவல்துறையில் இணையம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஒரு புகார் எண் வந்திருக்கிறது. இதுவரை வந்தது அது ஒன்றுதான்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை, பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். இவ்வளவுதான். விளம்பரம் என்று போட்டு வருவதைத் தாண்டி, பூங்காவின் சொந்தத் தளத்தில் அல்லது வாசலில் வாங்குங்கள். தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், யார் கணக்காளர் என்று சொன்னாலும். ஒரு தளத்தின் முகவரி எந்தத் தேதியில் பதிவானது என்பதை ‘ஹூ இஸ்’ (WHOIS) தேடலில் காசில்லாமல் பார்க்கலாம். பத்து வருட அனுபவம் என்று பீற்றிக்கொண்ட இந்தத் தளத்துக்கு வயது 41 நாள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே வங்கியை அழையுங்கள். என்னைப்போல் அரை நாளை அவனோடு பேசியே தொலைத்துவிடாதீர்கள். உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள்.

அவன் என் எண்ணை முடக்கிவிட்டான். இன்று காலை தம்பியின் கைப்பேசியிலிருந்து பார்த்தோம். எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. புதிதாக ஒரு படம் வைத்திருக்கிறான், ராட்டினத்தின் முன்னால் ஒரு குடும்பம். அதன் கீழே: “இந்த வாரக் கடைசிக்கு டிக்கெட்டுகள் மிகக் குறைவாகவே உள்ளன. உங்கள் பிள்ளைகளின் உயரத்தை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”