வந்தாறுமூலைக்குக் கொண்டுபோக எந்த லப்டொப்? புது செலரோனும் பழைய ஐ5உம்

அக்காவின் மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடம் கிடைத்திருக்கிறது. கல்லடியிலிருந்து வந்தாறுமூலைக்கு பஸ்ஸில்தான் போய்வரப் போகிறாள். ஏறாவூர், செங்கலடி தாண்டும்வரை பல நாள் நின்றுகொண்டே போகவேண்டியிருக்கும். அதனால் 15.6 அங்குலப் பெட்டி வேண்டாம், புத்தகப் பைக்குள் அடங்கும் 12, 13 அங்குலம் போதும் என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டோம். "ஒரு லட்சத்துக்குள்ள பாருங்க மாமா, அதுக்கு மேல அம்மாக்கிட்ட கேக்க ஏலாது" என்றாள்.

மட்டக்களப்பு நகரத்துக் கடைகள், கல்முனைக் கடைகள், கொழும்பு போன ஒரு நாளில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா என்று மூன்று இடமும் பார்த்தாயிற்று. ஒரு லட்சத்துக்குள் எங்கள் முன்னால் வந்து நின்றவை நான்கு வகை: பெட்டி பிரிக்காத புது செலரோன் (இன்டெல்லின் மலிவு புரொசசர்) லப்டொப், விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் குரோம்புக், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துவிட்டு இங்கே வரும் பழைய ஐ5 (இன்டெல்லின் நடுத்தரப் புரொசசர்) லப்டொப், கீபோட் மாட்டிய டெப்லட்.

டெப்லட்டை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பாடக்குறிப்பு வாசிக்க, சூம் வகுப்புப் பார்க்க அது நல்ல சாமான். நாற்பது பக்க ஆய்வறிக்கை எழுத அது ஆகாது. திரை 10.1 அங்குலத்துக்கு மேல் போனால் மைக்ரோசொஃப்ட் வேட்டில் ஒரு வரி திருத்தவும் சந்தா கேட்கும். பிள்ளையிடம் ஏற்கெனவே போன் இருக்கிறது. இன்னொரு பெரிய போனுக்குக் காசு கொடுப்பதில் பொருள் இல்லை.

புது செலரோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பெற்றோர் அதிகம் ஏமாந்துபோவது இதில்தான். பளபளப்பான மூடி, ஒட்டுப் பிரிக்காத பெட்டி, வொறண்டி அட்டை எல்லாம் இருக்கும். உள்ளே பெரும்பாலும் செலரோன் என்4020 அல்லது என்4500, 4 ஜி.பி. ரெம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. (பலகையோடு ஒட்டி வரும் மலிவு வகை) சேமிப்பு. அந்த இரண்டு செலரோனுக்கும் கோர், அதாவது புரொசசருக்குள் வேலை செய்யும் மூளை, இரண்டுதான். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜி.பி. ரெமும் 64 ஜி.பி. இடமும். அதாவது வாங்கும் நாளிலேயே அந்த மெஷின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. விண்டோஸ் எழும்பி முடியும்போதே ரெமில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்துக்குள் குரோமில் ஐந்து பக்கமும் ஒரு வேட் கோப்பும் திறந்தால் தட்டிய எழுத்து பிந்தித்தான் திரைக்கு வரும்.

இதை நான் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். 2021இல் ஒன்லைன் வகுப்புக் காலத்தில் மகனுக்கு வாங்கியது இப்படியொன்றுதான். இரண்டு வருடம் கழித்து, பாடசாலைச் செயற்றிட்டம் ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவு, அப்டேட்டுக்கு இடம் போதாது என்று திரையில் வந்து நின்றது. படங்களை அழித்தோம், பாட்டுகளை அழித்தோம், பிறகும் இடம் காணவில்லை. மறுநாள் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். ரெமும் சேமிப்பும் சின்னக் கறுப்புச் சதுரங்களாகப் பலகையோடு ஒட்டியிருந்தன. "இது ஒட்டினது சேர், கூட்டவும் ஏலாது, மாத்தவும் ஏலாது" என்றார். அந்த மெஷின் இன்னும் உயிரோடு இருக்கிறது, வேலைக்குத்தான் உதவாது.

அதன் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். செலரோன் 6 வாட்டில் ஓடுவது. அதனால் இந்த மெஷின்கள் பலவற்றில் விசிறியே இல்லை. கல்லடி, நாவலடி, டச்பார் என்று கடலுக்கு முகம் கொடுத்து இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேசையில் விரல் வைத்தால் மணல் ஒட்டும், மாரியில் ஈரம். விசிறி உள்ள மெஷின் இவை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். புதியதில் பற்றரியும் புதிது. வொறண்டியும் உண்டு. ஆனால் திருத்துவது இங்கேயா, கொழும்புக்கு அனுப்பியா, எத்தனை நாள் ஆகும் என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

புதியதுதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று. 2023இல் வந்த இன்டெல் என்100, நான்கு கோர், 8 ஜி.பி. ரெம், கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பு) எல்லாம் உங்கள் கைக்காசுக்குள் ஒரே மெஷினில் கிடைத்தால் துணிந்து வாங்கலாம். அதுவும் 6 வாட்தான், வேகம் பழைய செலரோனைவிட நல்ல தூரம் மேலே. இ.எம்.எம்.சி. என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு எழும்புங்கள்.

குரோம்புக் எனக்குப் பிடித்த சாமான். நொடிகளில் எழும்பும், வைரஸ் தொல்லை குறைவு, 4 ஜி.பி. ரெமிலும் இலேசாக ஓடும். இணையம் இல்லாத இடத்திலும் கூகுள் டொக்ஸில் எழுதலாம், முன்கூட்டியே அதற்கு ஒழுங்கு செய்திருந்தால். 2021 முதல் வந்த மொடல்களுக்குப் பத்து வருடம் அப்டேட் உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. ஆனால் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்டவை, அதற்கும் முந்தியவை. அப்டேட் முடியும் திகதி ஒவ்வொரு மொடலுக்கும் உண்டு, செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். அது கடந்துபோனதை எவ்வளவு மலிவு என்றாலும் எடுக்கவேண்டாம்.

எங்கள் வீட்டில் குரோம்புக்கைத் தோற்கடித்தது பாமினி. மட்டக்களப்பில் கொம்பியூட்டர் தொடும் எவருக்கும் இது தெரியும். கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள், சங்கக் கூட்ட அறிக்கை என்று பாதிக் கோப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. பாமினி, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் தட்டிப் பதிந்தால் சரி. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸிலும் அவ்வளவு இலேசு. கூகுள் டொக்ஸிலோ நம் எழுத்துருவைக் கொண்டுபோய்ப் பதிய வழி இல்லை. யூனிகோடுக்கு மாற்றி எழுதப் பழகவேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், மருமகளுக்கும் அதைத்தான் பழக்குகிறேன். ஆனால் மற்றவர் அனுப்புவது பாமினியில் வரும்வரை அதைத் திறந்தே ஆகவேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற புள்ளிவிபர மென்பொருளும் குரோம்புக்கில் ஓடாது. இறுதி வருட ஆய்வுக்கு அது தேவைப்பட்டால் அப்போது இன்னொரு மெஷின் தேடவேண்டிவரும்.

மிஞ்சியது பாவித்த ஐ5. வெளிநாட்டுப் பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிப்பவை இவை: லெனோவோ திங்க்பேட் எக்ஸ் வரிசை, டெல் லட்டிடியூட் 7000 வரிசை, எச்.பி. எலைட்புக் 800 வரிசை. புதிதாக இருந்தபோது நம் கைக்கு எட்டாத விலை. விழுந்தாலும் தாங்கும் உடம்பு, நல்ல கீபோட், 12.5 அல்லது 13.3 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள் எடை.

இங்கே பார்க்கவேண்டிய முதல் விஷயம் தலைமுறை எண். ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை, 7300யூ ஏழாம், 8250யூ எட்டாம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்வது, சில விலக்குகள் தவிர, எட்டிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீட்டிப்பு. ஏழாம் தலைமுறை மெஷினிலும் சில கடைகளில் விண்டோஸ் 11 ஏற்றி வைத்திருப்பார்கள். ஓடும். ஆனால் அது மைக்ரோசொஃப்டின் தகுதிச் சோதனையைச் சுற்றிப்போய் ஏற்றியது, வருடாந்தப் பெரிய அப்டேட்டுகள் தானாக வந்து சேராது.

எட்டாம் தலைமுறைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுவரை இந்த அளவு ஐ5களில் இரண்டு கோர்தான் இருந்தது. 2017இல் வந்த 8250யூவோடு அது நான்காயிற்று. ஆகவே லட்டிடியூட் 7280க்கும் 7290க்கும், எலைட்புக் 820க்கும் 830 ஜி5க்கும் உள்ள வித்தியாசம் பெயரில் சின்னதாகத் தெரிந்தாலும் மேசையில் பெரியது. திங்க்பேட்டில் எட்டு வேண்டுமென்றால் எக்ஸ்280. அதில் ரெம் பலகையோடு ஒட்டியது, எடுப்பதானால் 8 ஜி.பி. உள்ளதாகவே எடுக்கவேண்டும்.

ஏழாம் தலைமுறை எக்ஸ்270ஐ ஒரு வகையானவர்களுக்கு நான் மனமாரச் சொல்வேன். அதில் பற்றரி இரண்டு: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்ட ஒன்று. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பற்றரியைக் கழற்றி இன்னொன்றைப் போடலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் எழுத்து வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயங்காதவர் என்றால் விலைக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. முதல் வருடப் பிள்ளைக்கு, கூடப் படிப்பவர்கள் எல்லோரும் வேட்டில் கோப்பு அனுப்பும்போது, அந்தச் சுமையையும் ஏற்றவேண்டாம் என்று நினைத்தேன்.

ஆகவே எட்டாம் தலைமுறை லட்டிடியூட் 7290 என்று முடிவாயிற்று. கடையில் நாங்கள் பார்த்த முதல் 7290 வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். மூலை ஆணி ஒன்றின் தலை பழுப்பு நிறம். யூ.எஸ்.பி. துளைக்குள் போன் டோர்ச்சை அடித்தால் ஓரமாகப் பச்சைப் பூச்சு. உப்புக்காற்றோ ஈரமோ தின்ற மெஷின் அது. பலகையிலும் அதே பச்சை இருக்கும் என்று வைத்துவிட்டோம். இரண்டாவதில் கீபோட் ஜப்பான் அமைப்பு, ஸ்பேஸ் கட்டை குட்டை, '@' குறி 'பி' எழுத்துக்குப் பக்கத்தில். பழகலாம்தான், ஆனால் தமிழ் தட்டப் பழகும் பிள்ளைக்கு அது இரட்டை வேலை.

மூன்றாவதைத்தான் நிதானமாகச் சோதித்தோம். எழும்பும்போதே எஃப்2 அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முந்திய அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போனோம். அங்கே பாஸ்வேட் கேட்டிருந்தால் அத்தோடு விட்டிருப்போம், பழைய அலுவலகத்தின் பூட்டை இங்கே கழற்றுவது பெரும்பாடு. பிறகு பற்றரி ரிப்போர்ட் எடுத்தோம்: வடிவமைத்த கொள்ளளவு 60,000, இப்போது நிறைவது 44,000 மில்லிவாட் மணி. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, பரவாயில்லை. கமெரா, மைக், இரண்டு பக்க ஸ்பீக்கர், ஒவ்வொரு யூ.எஸ்.பி. துளை, கீல், எல்லாக் கட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் பொறுமையாக இருந்தார், அவசரப்படுத்துகிற கடையில் வாங்கவேண்டாம். சாஜருக்கு நம் நாட்டு 13 அம்பியர் சதுரப் பிளக் கேட்டு வாங்கினோம். யூ.எஸ்.பி.-சி வழியாகவும் சாஜ் ஏறுகிறது என்பதை அங்கேயே மாட்டிப் பார்த்தோம்.

அதையே எடுத்தோம்: 8 ஜி.பி. ரெம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கடையின் மூன்று மாத வொறண்டி. ரெம் கழற்றக்கூடியது, தேவைப்பட்டால் பிறகு 16 ஆக்கலாம். லட்சத்தில் மிஞ்சியதை பற்றரி மாற்ற என்று அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விசிறி உள்ள மெஷின் என்பதுதான் மிச்சக் கவலை. ஜன்னலுக்குக் கீழே, கட்டில் விரிப்பின் மேல் வைத்துப் பாவிக்கவேண்டாம், வேலை முடிந்தால் பைக்குள் வை என்று சொல்லியிருக்கிறேன். கச்சான் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தரம் பின்மூடியைக் கழற்றித் தூரிகையால் விசிறியைத் துடைத்துத் தருவதாகவும் பேச்சு. "நானே கழட்டிப் பழகுறன் மாமா, நீங்க பக்கத்துல இருங்க" என்கிறாள்.