பழைய லேப்டாப்ல க்யூஜிஐஎஸ்: விண்டோஸ் 7-ஆ, டெபியனா?

கோத்தகிரி பக்கம் சோலை, ஓடைன்னு மேப் போடுற பசங்ககிட்ட 32-பிட் விண்டோஸ் 7 லேப்டாப்தான் இருக்குன்னா புது க்யூஜிஐஎஸ் (மேப் போடுற இலவச சாஃப்ட்வேர்) அதுல ஏறாது, 32-பிட்டுக்குக் கடைசியா வந்த எல்டிஆர் (நீண்ட நாள் ஆதரவு) பதிப்பு 3.16. அதைப் போட்டா உடனே வேலை ஆகும், யுடிஎம் 43 வடக்கு (நம்ம பகுதிக்கான மேப் ஆயமுறை) வச்சு எஸ்ஆர்டிஎம் (விண்வெளில இருந்து ரேடார்ல அளந்த) உயர டேட்டாவ ஏத்துனா தொட்டபெட்டா சரிவுல காண்டூர் கோடெல்லாம் (ஒரே உயரத்துல இருக்குற இடங்கள இணைக்குற கோடு) நெருக்கி அடிச்சு நிக்கிறது அருமையா தெரியும். ஆனா பக் இருந்தா திருத்தம் வராது, அந்த விண்டோஸோட நெட்ல போறதும் ஆபத்து.

விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச லினக்ஸ் ஓஎஸ்தான் டெபியன். டெபியன் 12 இன்னும் 32-பிட்டுக்கு இன்ஸ்டாலர் குடுக்குது (13-ல நிறுத்திட்டாங்க), அதுல க்யூஜிஐஎஸ் 3.22 இருக்கு, எக்ஸ்எஃப்சிஇ-ங்கிற லேசான டெஸ்க்டாப் போட்டா கம்மி ரேம்லயும் ஓடும். போடுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க. என் ஓட்டு டெபியனுக்குத்தான், நாளைக்கே கிராமசபைல மேப் காட்டணும்னா மட்டும் 3.16 போதும்.