ஓடிபி கொடுக்கும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்: எனக்கு 13,549 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுத்துவந்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வீட்டு வாசலுக்கே ஆளனுப்பும் செயலி ஒன்றை நம்பி 13,549 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு தூக்குவாளி சேமியா பாயசத்தில் ஆரம்பித்தது. காஞ்சிபுரத்தில் தங்கைக்கு வளைகாப்பு. மிச்சமிருந்த பாயசத்தை அம்மா வீணாக்குவாரா? தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு தூரம் சிந்தாமல் வந்தது, மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை வேகத்தடையில் கவிழ்ந்தது. முன்பக்க இடது சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் மொத்தமும் கொட்டிவிட்டது. மேலாகத் துடைத்தோம். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் குடலைப் புரட்டியது. பால் கார்பெட்டோடு நிற்பதில்லை. அதற்கடியில் இருக்கும் தடித்த பஞ்சு மெத்தையில் இறங்கி உட்கார்ந்துகொண்டு புளிக்கிறது. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

செயலியில் 'டீப் இன்டீரியர் கிளீனிங்' 2,199 ரூபாய். முன்பணமாகவே கட்டினேன். சொன்ன நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் தலையை விட்டான், முகர்ந்து பார்த்தான். "அண்ணா, பால்தானே? பேக்கேஜ்ல இது போகாது. சீட்டைக் கழட்டி, கார்பெட்டைத் தூக்கி, அடியில கழுவணும். தனியா 1,500 ஆகும், என் நம்பருக்கே போட்டுடுங்க" என்றான். முகர்ந்ததுமே பால் என்று சொல்லிவிட்டானே, விவரமான ஆள்தான் என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் விழுந்தேன். போட்டேன். "நீங்க மேல போய் ரெஸ்ட் எடுங்கண்ணா, முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்றான். போனேன். காபிகூட கொடுத்தனுப்பினோம்.

ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டான். டாஷ்போர்டு எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தது. வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தது. "ஓடிபி சொல்லுங்கண்ணா, அடுத்த வண்டிக்குக் கிளம்பணும்." மழை தூற ஆரம்பித்திருந்தது, அவனும் பாவம், பைக்கில் போகவேண்டும். குனிந்துகூடப் பார்க்காமல், வேலை முடிந்தது என்று செயலியில் பதிவாக வைக்கும் அந்த நாலு எண்ணையும் சொன்னேன்.

மறுநாள் காலை கண்ணாடி முழுக்க உள்பக்கம் புகைமூட்டம் மாதிரி ஆவி. காலை வைத்தால் கார்பெட் சொதசொதவென்று நீர் கக்கியது. ஐப்பசி அடைமழை, கதவைத் திறந்து காயவைக்கவும் வழியில்லை. "ஏங்க, மாட்டுக்கொட்டகையில ஊதுபத்தி கொளுத்தின மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. நாலாம் நாள் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

செயலியில் புகார் கொடுத்தேன். 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தீர்வு.' 48 மணி நேரத்தில் தீர்வு வரவில்லை, புகாரை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். மூன்றாம் முறை ஒரு பெண் பேசினார், ரொம்ப மரியாதையாக. "சார், நீங்க ஓடிபி கொடுத்திருக்கீங்க, அதனால வேலை திருப்தியா முடிஞ்சதா எங்க சிஸ்டத்துல இருக்கு." சரி, அந்த 1,500? "அது நீங்களும் பார்ட்னரும் தனியா பேசிக்கிட்டது சார்." பார்ட்னர் என்றால் அந்தப் பையன்தான். ஏர்பேக்? "எலக்ட்ரிகல் எங்க பொறுப்புல வராது சார்." கடைசியில் பெருந்தன்மையாக 300 ரூபாய் கூப்பன் கொடுத்தார்கள், அடுத்த முறை அவர்களிடமே கழுவிக்கொள்வதற்கு! பையனைக் கூப்பிட்டால் முதல் இரண்டு நாள் "வர்றேண்ணா" என்றான், அப்புறம் ரிங் போகிறது, எடுப்பதில்லை.

சர்வீஸ் சென்டரில் சீட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன், இந்தத் தடவை மேலே போய் ரெஸ்ட் எடுக்கவில்லை. சீட்டின் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை என்று மெக்கானிக் காட்டினார். கார்பெட்டை உரித்ததும் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. பஞ்சு மெத்தையில் ஒரு முழு முந்திரிப்பருப்பு, ஊறி, சுண்டுவிரல் பருமனுக்கு வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே சேமியா. கார்பெட்டைத் தூக்கியவன் கண்ணில் இது படாமலா போயிருக்கும்? மேலேயிருந்து ஷாம்பூ தண்ணீரை ஊற்றித் தேய்த்திருக்கிறான், உறிஞ்சி எடுக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் முன்சீட்டுக்கு அடியில் ஓடி, ஏர்பேக் வயர் சேரும் மஞ்சள் கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது. பின்னில் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. விளக்கு எரியும்போது விபத்து நடந்தால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது என்றார். நான்கு நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அதில்தான் கூட்டிப்போனேன்.

மெத்தை புதிது, கனெக்டர் வேலை, ஸ்கேன், சீட் கழற்றி மாட்டிய கூலி, எல்லாம் சேர்த்து 9,850. முதலில் கட்டிய 2,199, பையனுக்குப் போட்ட 1,500. கூட்டிப் பாருங்கள், 13,549. ஒரு தூக்குவாளி பாயசத்துக்கு 13,549 ரூபாய்! எங்கள் தெருவில் தினமும் கார் துடைக்கும் அண்ணனிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா தண்ணி ஒத்தி, துணியில உறிஞ்சி எடுத்திருப்பேனே சார், பாதி அப்பவே போயிருக்கும்" என்கிறார்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். அங்கேயும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை, விடுவதாயில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஆளின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றால் உறிஞ்சும் மெஷின் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், மழைக்காலத்தில் முடிந்தவரை வேண்டவே வேண்டாம். முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. கார்பெட்டில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்து, மீட்டரில் எல்லா விளக்கும் அணைகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஓடிபி சொல்லுங்கள். மழையில் நிற்கிறான், பாவம் என்று பார்க்காதீர்கள்.