இயர்பட்ஸ் வாங்கும் முன்: காதை மூடுவதா, திறந்து வைப்பதா?

இயர்பட்ஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த பிராண்ட் நல்லா இருக்கும்?" என்பதுதான். அடுத்தது, "பேஸ் (டிரம்ஸ் போன்ற கனமான அடிச்சத்தம்) எப்படி?" இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: அதை மாட்டியிருக்கும்போது வெளிச்சத்தம் உங்கள் காதுக்குள் எவ்வளவு வர வேண்டும்? தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவருக்கு ஒரு பதில். விடியற்காலை ரோட்டோரம் நடக்கிறவருக்கு நேர் எதிரான பதில். வீட்டில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு லேப்டாப்பில் மீட்டிங் போகிறவருக்கு மூன்றாவது பதில். இது தெளிவானால் கடையில் இருக்கும் மாடல்களில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

ரப்பர் வைத்ததா, வைக்காததா?

இன்று விற்கும் பட்ஸ்களை மேலோட்டமாக இரண்டாகப் பிரிக்கலாம். காதுத் துவாரத்துக்குள் சிலிகான் டிப் (நம் ஊரில் பலரும் ரப்பர் என்றுதான் சொல்கிறார்கள்) புகுந்து அடைத்துக்கொள்ளும் வகை ஒன்று. ரப்பர் இல்லாமல், காதின் குழியில் சும்மா உட்காரும் வகை இன்னொன்று. 2016 டிசம்பரில் ஆப்பிள் முதன்முதலில் விற்ற ஏர்பாட்ஸ் இரண்டாவது வகை. 2019 அக்டோபரில் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ முதல் வகை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரிந்தாலும் காதுக்குள் செய்யும் வேலை வேறு வேறு.

ரப்பர் சரியாக அடைத்தால் பேஸ் தானாக வரும். அடைக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பட்ஸாக இருந்தாலும் பேஸ் வெளியே ஒழுகிவிடும், பாட்டு தகர டப்பாவில் கேட்பது போல ஆகிவிடும். "இந்த மாடல்ல பேஸே இல்ல" என்று விமர்சனம் எழுதுகிறவர்களில் கணிசமானவர்கள் பெட்டியோடு வந்த மற்ற டிப்களைப் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். சோதிப்பது சுலபம். தவில், டிரம்ஸ் நிறைய வரும் ஒரு பாட்டைப் போட்டு, பட்ஸை விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் திடீரென்று கூடினால், டிப் உங்கள் காதுக்குச் சிறியது. ஒரு சைஸ் பெரிதாக மாற்றுங்கள். பலருக்கு வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றுக்கு மீடியம், இன்னொன்றுக்கு லார்ஜ் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

அடைப்பதில் தொல்லைகளும் உண்டு. காது மூடியிருந்தால் நம் உடம்புக்குள் எழும் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்கும். நடந்தால் காலடி தம் தம் என்று மண்டைக்குள் இடிக்கும். முறுக்கு கடித்தால் பாட்டே கேட்காது. பேசினால் நம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். போனில் சுருதிப்பெட்டி செயலியைப் போட்டு சாதகம் செய்கிறவர்கள் இந்த வகையை வாங்காமல் இருப்பது நல்லது. சொந்தக் குரலே ஊதிப் பெருத்துக் கேட்கும்போது சுருதி சேர்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்களுக்கு ரப்பர் இல்லாத வகைதான் சரி.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இன்னொரு காரணம். ஈரமான காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் அரிப்பு வரும், சிலருக்குப் பூஞ்சைத் தொற்றும் வரும். தலைக்குக் குளித்த கையோடு பட்ஸை மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும். குரும்பி அதிகம் சேரும் காதாக இருந்தால் டிப்பை வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். பட்ஸின் வாயில் உள்ள சின்ன வலை அழுக்கால் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துபோவதைப் பலரும் ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அப்படியானால் ரப்பர் இல்லாததே மேல் என்று தோன்றும். வீட்டிலும் அமைதியான ஆபீஸிலும் அது உண்மைதான். மாட்டியிருப்பதே தெரியாது, காலிங் பெல் கேட்கும், பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் திரும்பலாம். பஸ்ஸில் ஏறியதும் கதை மாறுகிறது. வெளி இரைச்சல் முழுதாக உள்ளே வருவதால் நாம் அறியாமலே வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். தினமும் போக வர ஒரு மணி நேரம் பஸ்ஸில் அந்த 90 டெசிபெல் அளவில் கேட்டால் அந்த 4 மணி நேரம் வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். எனவே பயணத்துக்கு அடைக்கிற வகைதான் என்பது என் உறுதியான கருத்து. பேஸுக்காக இல்லாவிட்டாலும், குறைந்த வால்யூமில் கேட்க முடியும் என்பதற்காகவே அதை வாங்கலாம்.

ஏஎன்சி வேறு, இஎன்சி வேறு

பட்ஜெட் விலையில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பெட்டியில் பெரிய எழுத்தில் "இஎன்சி" என்று போட்டிருக்கும். வெளி இரைச்சலைக் குறைக்கும் என்று நம்பி வாங்கி வந்தால், பஸ் சத்தம் அப்படியே கேட்கும். இஎன்சி மைக்குக்கு உரியது. நீங்கள் போன் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டி எதிர்முனைக்கு அனுப்பும். பலன் அவருக்குத்தான், உங்கள் காதுக்கு அதனால் ஒன்றும் இல்லை. உங்கள் காதுக்கு வேலை செய்வது ஏஎன்சி. வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கரில் அனுப்பி இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்யும்.

ஏஎன்சி எல்லாச் சத்தத்தையும் போக்கிவிடாது. விமான இரைச்சல், பஸ் எஞ்சின், ஏசி, மின்விசிறி போல ஒரே சீராக, கனமாக ஓடும் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஹார்ன், குழந்தை அழுகை, பக்கத்து சீட்டுக்காரரின் ரீல்ஸ் போன்ற கீச்சுச் சத்தங்களை அதிகம் தடுப்பது அந்தச் சாதாரண ரப்பர்தான். அதனால் ரப்பர் சரியாக உட்காராத ஏஎன்சி பட்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பாதி வீண். ரப்பர் இல்லாத பட்ஸிலும் இப்போது ஏஎன்சி வருகிறது (2024-இல் வந்த ஏர்பாட்ஸ் 4-இல் அப்படி ஒரு மாடல் உண்டு). அது மெல்லிய உதவி செய்யுமே தவிர, நன்றாக அடைத்த பட்ஸுக்கு ஈடாகாது. ஆயிரம் ரூபாய் பட்ஸில் ஏஎன்சி இருக்கிறதே என்று கேட்டால், இருக்கும். ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். அந்த விலையில் ஏஎன்சியைக் கணக்கிலேயே எடுக்காமல், காதில் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெட்டியில் உள்ள இன்னொரு எண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கலாம். "50 மணி நேரம்" என்பது கேஸில் (பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் சின்ன டப்பா) உள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. ஒரு முறை காதில் மாட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்பது சிறிய எழுத்தில் எங்கேயாவது இருக்கும். ஏஎன்சி போட்டால் அதிலும் குறையும்.

நெக்பேண்டா, தனித்தனி பட்ஸா?

நெக்பேண்ட் பழைய ஃபேஷன் என்று ஒதுக்குகிறவர்கள், சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் கழுத்தைக் கவனித்தால் போதும். நாள் முழுக்க போனில் வேலை செய்கிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரியும். காரணங்கள் வெளிப்படை. கழற்றினால் கழுத்திலேயே தொங்கும், கேஸ் தேட வேண்டாம். காந்தம் வைத்த இரண்டு முனைகளையும் ஒட்டினால் பல மாடல்களில் பாட்டு நின்றுவிடும். பேட்டரி கழுத்துப் பட்டையில் இருப்பதால் அளவில் பெரியது. தனி பட்ஸில் ஒவ்வொரு பக்கமும் பொதுவாக 30 முதல் 60 எம்ஏஎச்சுக்குள் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) ஒரு பொட்டுப் பேட்டரிதான். நெக்பேண்டில் அது பல மாடல்களில் 150-க்கு மேல் இருக்கும். சின்ன பேட்டரி தினமும் பலமுறை சார்ஜ் ஏறி இறங்குவதால் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும், மாற்றிப் போடவும் பொதுவாக வழி இல்லை. பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் போகும்.

தொலைப்பது இன்னொரு பிரச்சினை. டோக்கியோவில் 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்றே மாதத்தில், 78 ரயில் நிலையங்களில் சுமார் 950 முறை வயர்லெஸ் இயர்போன்கள் தண்டவாளத்தில் விழுந்ததாகக் கணக்கு. அவற்றை எடுப்பதற்கென்றே ரயில்வேயும் பானசோனிக்கும் சேர்ந்து, உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்றை இகேபுகுரோ நிலையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நம் ரயில் நிலையத்தில் விழுந்தால் விழுந்ததுதான். தண்டவாளத்தில் இறங்கி எடுக்கப் போகாதீர்கள்.

தனித்தனி பட்ஸுக்கு உள்ள பெரிய வசதி, ஒன்றை மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்பது. படுத்துக்கொண்டு கேட்பவர்களுக்கும், சட்டை காலரில் பட்டை உரசுவது பிடிக்காதவர்களுக்கும் அதுதான் தோது. ஜிம்மில் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபிஎக்ஸ் 4, 5 என்று (தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) போட்டிருப்பது பொதுவாகப் பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை. வியர்வையோடு கேஸில் போட்டு மூடினால் சார்ஜ் ஏறும் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சையாகப் பூத்துவிடும், அப்புறம் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. துணியால் துடைத்து ஐந்து நிமிடம் காற்றாட வைத்துவிட்டு உள்ளே போடுங்கள்.

வயர் இன்னும் சாகவில்லை

பாட்டின் தரம் மட்டுமே முக்கியம், பட்ஜெட் இரண்டாயிரம் ரூபாய் என்றால், புளூடூத் பக்கமே போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த விலை புளூடூத் பட்ஸில் பேட்டரி, சிப், மைக், கேஸ் எல்லாவற்றுக்கும் பணம் பிரிந்து போகிறது. வயர் இயர்போனில் முழுப் பணமும் ஸ்பீக்கருக்குத்தான். மூன்டிராப் சூ 2, கேஇசட் பிராண்டின் சில மாடல்கள் போன்ற சீன இயர்போன்கள் இந்த விலையிலேயே கிடைக்கின்றன. சூ 2-இன் கேபிளைக் கழற்றி மாற்றலாம் என்பதால், ஜாக் பக்கம் அறுந்தால் கேபிளை மட்டும் வாங்கினால் போதும்.

கேம் ஆடுகிறவர்களுக்கும் வயர்தான். வீடியோ செயலிகள் சத்தம் தாமதமாவதைக் கணக்கிட்டுப் படத்தைச் சரிக்கட்டிவிடும். கேமில் அப்படிச் செய்ய முடியாது. எதிரி சுட்ட சத்தம் வருவதற்குள் நீங்கள் செத்து, ஆட்டத்துக்கு வெளியே லாபியில் இருப்பீர்கள்.

லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். புளூடூத் பட்ஸில் பாட்டு அருமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்து மைக் ஆன் ஆனதும் எல்லாம் பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கிவிடும். பட்ஸ் பழுதானதால் வருவது இல்லை இது. பெரும்பாலான லேப்டாப்களில் புளூடூத் இரண்டு பக்கமும் ஒலியை அனுப்ப வேண்டியிருக்கும்போது குறைந்த தரமுள்ள வேறு முறைக்கு மாறிக்கொள்கிறது. பட்ஸை மாட்டிக்கொண்டே, மீட்டிங் செட்டிங்கில் மைக்கை மட்டும் லேப்டாப் மைக்குக்கு மாற்றினால் காதில் கேட்கும் தரம் பெரும்பாலும் திரும்பிவிடும். நாள் முழுக்க இதுதான் வேலை என்றால் வயர் ஹெட்செட் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்வது நிம்மதி.

உயர்தர கோடெக் (புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றியும் ஒரு வார்த்தை. சோனியின் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது உண்மை. ஆனால் ஐபோன் அதை ஏற்காது, அதில் எஸ்பிசியும் ஏஏசியும்தான். ஐபோன்காரர்கள் எல்டிஏசிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை.

காதை விட்டு விலகி நிற்பவை

எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஷாக்ஸ் போன்றவை, காது மடலில் கம்மல் மாதிரி கவ்வும் ஹுவாவே ஃபிரீகிளிப், போஸ் அல்ட்ரா ஓபன் போன்றவை தனி ரகம். காதுத் துவாரம் முழுவதும் திறந்திருக்கும். ரோட்டில் நடப்பவர், ஓடுபவர், சைக்கிள் ஓட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, பின்னால் வரும் தண்ணீர் லாரி கேட்கும். பேஸ் சுமார்தான். எலும்பு வகையில் வால்யூமை ஏற்றினால் கன்னத்தில் குறுகுறுக்கும். பஸ்ஸுக்கு உதவாது. விலையும் அதிகம், ஆகவே வாரத்தில் ஒரு நாள் நடைக்காக இதை வாங்கத் தேவையில்லை. அதற்கு, இருக்கிற பட்ஸில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, வண்டி வரும் பக்கத்துக் காதைத் திறந்து வைத்தால் போதும்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் தொட்டால் வேலை செய்யும் பட்ஸைத் தவிர்த்துவிடுங்கள். காதைச் சொறிந்தால் கால் கட் ஆகும், கண்ணாடியைச் சரிசெய்தால் பாட்டு மாறும், அப்புறம் "இது என்னமோ தானா பண்ணுதுப்பா" என்று டிராயருக்குள் போய்விடும். அமுக்கினால் கிளிக் என்று சத்தம் வரும் பட்டன் உள்ள ஒரு சாதாரண நெக்பேண்ட் வாங்குங்கள். அனுப்பும் முன் உங்கள் வீட்டிலேயே பெட்டியைப் பிரித்து, சார்ஜ் போட்டு வையுங்கள்.