பழைய டீசல் கெப்புக்கு எந்த ஃபான்?

மட்டக்களப்புப் படுவான்கரையில் நெல் ஏற்றுகிற பழைய கெப் (பிக்அப்) வைத்திருந்தால் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: "அந்த ரேடியேற்றர் ஃபானைக் கழற்றிப் போட்டுட்டு எலெக்ட்ரிக் ஒன்று பூட்டு, டீசல் மிச்சம்." நானும் கேட்டுப் பூட்டினேன்.

முதலில், வண்டியோடு வந்த ஃபான். நடுவில் இருப்பது விஸ்கஸ் ஹப். உள்ளே சிலிக்கோன் எண்ணெய், முகப்பில் ஒரு சுருள் தகடு. ரேடியேற்றரைக் கடந்து வரும் காற்று சுட்டால் தகடு அசைந்து எண்ணெய்க்கு வழி திறக்கும், ஃபான் இறுக்கமாகச் சுழலும். குளிர்ந்தால் பிடி தளரும். எந்நேரமும் எஞ்சினைத் தின்கிறது என்ற பழி ஹப் இல்லாத நேரடி ஃபானுக்கே பொருந்தும். அதோடு, சுமையோடு இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு வயல் பாதையில் போகும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஃபானும் கூடவே சுற்றுகிறது. காற்று அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

ஹப் பழசானால் எண்ணெய் கசியும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் மூன்று நான்கு சுற்றுப் போனால் ஆள் முடிந்தார். மார்கழி வெள்ளத்தில் வீதிக்கு மேல் தண்ணீர் ஓடும்போது இதை நிறுத்த முடியாது என்பதும் உண்மை. சிறகு தண்ணீரில் அடித்து வளைந்தால் ரேடியேற்றரைக் கிழித்துவிடும். எலெக்ட்ரிக் என்றால் ஒரு சுவிட்ச் போதும்.

அடுத்தது கடைகளில் பெட்டியோடு கிடைக்கும் 16 அங்குல எலெக்ட்ரிக் ஃபான். நான் பூட்டியதும் இதுதான். விலை குறைவு, அரை நாளில் பூட்டிவிடலாம். 80 வாட் மோட்டார் என்றால் 7 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். சின்னக் காருக்குச் சரி. பிளாஸ்டிக் கம்பியை ரேடியேற்றர் இதழ்களுக்குள் குத்தி இழுத்துக் கட்டுவார்கள், காற்றைக் குவிக்கும் மூடி கிடையாது. சிறகு சுழலும் வட்டத்துக்கு வெளியே நாலு மூலையும் சும்மா கிடக்கும்.

சிறுபோக அறுவடை, கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, பின்னால் நெல் மூட்டைகள். வாய்க்கால் கட்டில் ஊர்ந்து போகையில் வெப்பம் காட்டும் ஊசி மேலே ஏறியது. பொனற்றைத் திறந்தால் ஃபான் நின்றுபோயிருந்தது. ரிலே (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இல்லை, வயர் மெல்லிசு. வெள்ளையாக இருந்த சொக்கெற் பழுப்பாகி, நகத்தால் அழுத்தினால் குழிந்தது. பூட்டின மெக்கானிக் பாஸைத்தான் திட்டினேன். ஆனால் வயர் சரியாக இருந்திருந்தாலும் அந்த ஃபான் அந்தச் சுமைக்குப் போதாது.

மூன்றாவது, காரிலிருந்து கழற்றிய இரட்டை ஃபான், மூடியோடு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். எலெக்ட்ரிக்கில் மரியாதையானது இதுதான். மூடி ரேடியேற்றர் முகம் முழுவதையும் மூடுவதால் காற்று எல்லா இடத்தாலும் இழுபடும். மச்சானின் கெப்பில் இது இருக்கிறது, கல்முனை, காத்தான்குடி என்று வீதியில் ஓடும் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

செலவு ஃபானோடு முடியாது. இரண்டும் சேர்ந்து 20 ஆம்பியர் வரை இழுக்கலாம், தொடங்கும் கணத்தில் இன்னும் கூட. ஹெட்லைட் இரண்டுக்கே 9 ஆம்பியர். இரவு மழையில் வைப்பரும் சேர்ந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் பழைய அல்டனேற்றர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது) திணறும். பெரிசாக ஒன்று மாற்றலாமே என்றால், டொயோட்டா பழைய டீசல்களில் பிரேக்குக்கான வக்யூம் பம்ப் அதன் முதுகிலேயே இருக்கிறது. கண்டதையும் பூட்ட முடியாது. தடித்த வயர், 40 ஆம்பியர் ரிலே, பியூஸ், வெப்ப சுவிட்ச் எல்லாம் வேண்டும். ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறப்பது என்றால் ஃபான் 92 அளவில் ஓடத் தொடங்கட்டும். 82க்குக் கீழே வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடலோரம் குடியிருந்தால் சொக்கெற்றில் பச்சை பிடிக்கிறதா என்றும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சுமை ஏற்றுகிற கெப்புக்கு நான் ஹப்பைத்தான் சொல்வேன். எனதில் பழைய ஹப்பே திரும்ப ஏறியிருக்கிறது, புது எண்ணெயோடு. டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் ரேடியேற்றரில் அடைந்த பதரைக் கழுவுங்கள். அந்த 16 அங்குல ஃபான் வீண்போகவில்லை. களத்தில் பழைய பற்றரியில் பூட்டி நெல் தூற்றுகிறோம், அதற்கு அருமையாக வேலை செய்கிறது.